கைக்குழந்தையைத் துணியில் கட்டிக்கொண்டு இரண்டு வயதுக் குழந்தையைச் சமாளிக்க முடியுமா?

கேட்டவருக்கு இரண்டு வயதில் ஒன்று, வயிற்றில் ஒன்று. பிள்ளையை உடம்போடு கட்டிக்கொள்ளும் துணி வாங்கலாமா, நம் ஊர் வெயிலுக்கு ஒத்துவருமா, மூத்தது ஏங்கிப்போகாதா என்று கேட்டிருக்கிறார்.

எனக்கு இரண்டு பிள்ளைகளுக்கும் இடையில் இரண்டேகால் வருஷம். பாபநாசத்துக்குப் பக்கம், குடமுருட்டிக் கரையோரம் எங்கள் ஊர். வீட்டுக்காரர் சிங்கப்பூரில். வீட்டில் நான், என் மாமியார், இரண்டு பிள்ளைகள், ஒரு மாடு. அத்தைக்கு முட்டிவலி. உட்கார்ந்த இடத்தில் பிள்ளையை வைத்துக்கொள்வார், பின்னால் ஓட முடியாது. உங்கள் வீட்டில் ஓட ஆள் இருந்தால் இந்தத் துணிக்கு அவசியமே இல்லாமல் போகலாம், தூளியே போதும்.

“தூளி இருக்கையில இது எதுக்கும்மா, புள்ளைய மூட்டை கட்டுறாப்புல?” என்று அத்தையும் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் எங்கள் சின்னவனுக்குத் தூளி ஆடுகிறவரைதான் தூக்கம், ஆட்டுகிற கை என்னுடையது. அந்த நேரம் பார்த்துப் பெரியவள் கொல்லைப்பக்கம் போவாள். கொல்லைக் கதவைத் தாண்டினால் வாய்க்கால். சித்திரை வைகாசியில் அது வெறும் பள்ளம், ஆடு மேயும். மேட்டூரில் வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கிற தண்ணீர் கல்லணை தாண்டி எங்கள் பக்கம் வந்துவிட்டால் அதே பள்ளத்தில் என் இடுப்பளவு ஓடும். இரண்டு வயதுப் பிள்ளைக்கு அது எவ்வளவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் சின்னவனைக் கட்டியது சின்னவனுக்காக இல்லை. பெரியவளுக்கு என் இரண்டு கையும் வேண்டியிருந்தது. அவளுக்குக் கால் கழுவிவிட, சோறு பிசைந்து ஊட்ட, தலை வார, எல்லாவற்றுக்கும் மேலாக எட்டிப் பிடிக்க. துணி வாங்கலாமா என்று யோசிக்கும்போது சின்னதை மட்டும் பார்க்காதீர்கள், பெரியது எப்படிப்பட்ட ஆள் என்று பாருங்கள்.

முதலில் வீட்டுக்காரர் அனுப்பியது பனியன் துணி போல இழுபடுகிற வகை. சின்னவன் மாசியில் பிறந்தான். ஆபரேஷன் என்பதால் டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டு ஆறு வாரம் கழித்துத்தான் கட்ட ஆரம்பித்தேன். முடிச்சு தையல் மேல் உட்காராமல் பார்த்துக்கொண்டேன். பங்குனியில் பரவாயில்லை. கத்திரி பிறந்ததும் அவன் கழுத்து, முதுகு, என் மார்பு எல்லாம் வேர்க்குரு. பிள்ளை மேல் மூன்று மடிப்புத் துணி, அதோடு என் உடம்புச் சூடு, வேறென்ன ஆகும். எடை ஏற ஏற அந்தத் துணி தொய்யவும் தொய்ந்தது.

அப்புறம் பீரோவிலிருந்த செட்டிநாட்டுக் காட்டன் சேலை ஒன்றை எடுத்தேன். ஐந்தரை மீட்டர், கெட்டி நெசவு, இரண்டு தண்ணீர் பார்த்தது. அதுதான் நிலைத்தது. பட்டு, பாலியெஸ்டர் எல்லாம் வேண்டாம், முடிச்சு நழுவும். துவைத்துத் துவைத்து நைந்த வாயில் சேலையும் வேண்டாம், இருபக்கமும் இழுத்துப் பார்த்தால் இழை விலகுவது தெரியும். வெயில் காலத்தில் காலை ஒன்பது மணிக்குள், சாயங்காலம் ஐந்துக்கு மேல் என்று வைத்துக்கொண்டேன். நடுப்பகலில் அவனுக்குத் தூளிதான், எனக்கு வாசல்படிதான்.

கட்டுவது சொல்லச் சுலபம். துணியின் நடுப்பாகத்தை நெஞ்சில் வைத்து, இரண்டு தலைப்பையும் முதுகில் குறுக்கே மாற்றித் தோள்வழியாக முன்னால் கொண்டுவந்து, பிள்ளையை உள்ளே உட்காரவைத்து, தலைப்புகளை இறுக்கி அவன் அடியில் மறுபடி குறுக்கே மாற்றிப் பின்னால் முடிச்சு. இதற்குள் பெரியவள் ஒரு தலைப்பைப் பிடித்துக்கொண்டு “ரயிலு, ரயிலு” என்று தாழ்வாரத்தைத் தாண்டியிருப்பாள். ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் துணி, மீதித் துணி மாட்டுச் சாணத்தில். திட்டிப் பார்த்தேன், நடக்கவில்லை. பிறகு “இதைக் கீழே விடாமப் புடிச்சுக்கடா தங்கம்” என்று அவளிடமே தலைப்பைக் கொடுத்தேன். பத்துக்கு ஆறு நாள் பிடித்தாள்.

நரிக்குறவப் பெண்கள் தோளில் துணி கட்டிப் பிள்ளை தூக்குவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். பஸ் ஸ்டாண்டில் ஒருவர் அதைச் சொல்லி என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரிக்க என்ன இருக்கிறது? அவர்கள் பிள்ளையையும் சுமந்துகொண்டு பாசிமணியும் கோக்கிறார்கள். எனக்கு வீடியோ பார்த்துப் பார்த்து ஒழுங்காகக் கட்ட வரவே மூன்று வாரம் ஆனது.

இனி சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். பிள்ளையின் முகம் எப்போதும் உங்கள் கண்ணில் படவேண்டும். குனிந்தால் உச்சந்தலையில் முத்தம் கொடுக்கிற உயரத்தில் இருக்கவேண்டும். தாடை நெஞ்சில் முட்டக்கூடாது, அடியில் இரண்டு விரல் நுழையவேண்டும், முட்டினால் மூச்சுத் திணறும், சத்தமே வராது. நான்கு மாதத்துக்குள் இருக்கும் பிள்ளைகள், குறைமாதம், எடை குறைவு என்றால் ஆபத்து அதிகம். அமெரிக்காவில் 2010-ல் இதைப் பற்றி அரசு எச்சரிக்கையே வந்தது. கால்கள் தவளை உட்கார்ந்த மாதிரி, முழங்கால் பிட்டத்தைவிட உயரமாக இருக்கட்டும். நேராகத் தொங்கினால் இடுப்பு மூட்டுக்கு நல்லதில்லை. துணிக்குள்ளேயே பால் கொடுத்தால் முடிந்ததும் பழைய உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள், அப்படியே தூங்கவிடாதீர்கள்.

கட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போகவே கூடாது. கஞ்சி வடிப்பது, தாளிப்பது, வெந்நீர் தூக்குவது எதுவும் வேண்டாம். டூவீலரும் வேண்டாம்.

அப்புறம் யாரும் சொல்லாத ஒன்று: முன்னால் கட்டினால் உங்கள் பாதம் உங்களுக்குத் தெரியாது. ஆடிப்பெருக்கு அன்று படித்துறையில் இதைக் கற்றுக்கொண்டேன். அவனுக்கு அப்போது ஐந்து மாதம். பெரியவளுக்குச் சின்னதாக ஒரு சப்பரம் செய்து கொடுத்திருந்தோம். தெருப் பிள்ளைகளோடு கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தவள், படித்துறை வந்ததும் நிற்கவில்லை. சப்பரம் முதல் படியில் உருண்டது, அவள் அதன் பின்னால். நானும் இறங்கினேன். எந்தப் படி, எங்கே பாசி என்று ஒன்றும் தெரியவில்லை, எனக்குக் கீழே தெரிந்ததெல்லாம் சின்னவன் மண்டைதான். காலை வைத்துத் தடவிப் பார்த்து மூன்றாம் படியில் குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் அவள் பாவாடையைப் பிடித்தேன். சப்பரம் மஞ்சள் கயிறு, காதோலை கருகமணியோடு குடமுருட்டியில் போய்விட்டது. கை இரண்டும் காலியாக இருந்ததால் பிடித்தேன், சரி. ஆனால் நான் வழுக்கியிருந்தால் மூன்று பேர். அதற்குப் பிறகு படித்துறை, வரப்பு, மழைச் சேறு என்றால் சின்னவனைத் துணியிலிருந்து எடுத்து யாரிடமாவது கொடுத்துவிடுவேன். ஆள் இல்லையென்றால் போக மாட்டேன்.

டவுன் பஸ்ஸில் இது தெய்வம். சின்னவனுக்கு இரண்டரை மாதத்து ஊசி போடப் போகும்போது, பெரியவளை இரண்டு கையாலும் தூக்கிப் படியேற்றிவிட்டு நானும் கம்பியைப் பிடித்து ஏறினேன். பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால் சில்லறை தேடும் வேலையும் இல்லை.

மூத்தது ஏங்குமா என்றால், ஏங்கியது. “பாப்பாவ எறக்கு, என்னயக் கட்டு” என்று ஒரு வாரம் ஒரே அழுகை. சின்னவனைத் தூளியில் போட்டுவிட்டு ஒருநாள் அவளை முதுகில் கட்டினேன். பன்னிரண்டு கிலோ. மாட்டுக் கொட்டகைவரை போவதற்குள் அவளுக்கு அலுத்துவிட்டது, “எறக்கு” என்றாள். எனக்குத்தான் ராத்திரி வரை முதுகு நிமிரவில்லை. பிறகு அவள் கேட்கவில்லை. அத்தையின் ஈரிழைத் துண்டில் மரப்பாச்சியைக் கட்டிக்கொண்டு திரிந்தாள், பெரும்பாலும் தலைகீழாக. தாடைக்குக் கீழே விரல் விட்டுப் பார்க்க மட்டும் மறக்க மாட்டாள்.