தாழ்வாரத்திலிருந்து தொடங்குங்கள்

அன்புள்ள ஐயா,

நான் கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு மாணவி. சொந்த ஊர் மார்த்தாண்டம். இந்தப் பருவத்தில் ஒரு தொடக்கப்பள்ளியை வடிவமைக்க வேண்டும். குலசேகரம் பக்கம், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சரிவான மனையைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். ஐந்து வகுப்புகள், 150 குழந்தைகள். விரித்து வைத்த புத்தகம்போல் கூரையை வரைந்தேன். மதிப்பீட்டுக்கு வந்தவர்கள், வடிவமைப்பில் கருத்து போதவில்லை என்றார்கள். அடுத்து பத்மநாபபுரம் அரண்மனையின் முகப்பைக் கொண்டுவந்தேன். பழமையின் நகல் என்றார்கள். எங்கிருந்து யோசிக்கத் தொடங்குவது என்றே தெரியவில்லை.

மாணவி, மார்த்தாண்டம்

அன்புள்ள மாணவிக்கு,

ஜூன் மாதத்திலிருந்து தொடங்குங்கள். நம் குமரி மாவட்டத்தில் பள்ளி திறப்பதும் இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை வருவதும் ஏறத்தாழ ஒரே சமயம். அது ஓய்ந்த கொஞ்ச நாளில் ஐப்பசி மழை வந்துவிடும். 150 குழந்தைகள் நனைந்த குடையோடும் சேறு படிந்த செருப்போடும் வந்து நிற்கிறார்கள். குடையை எங்கே விரித்து வைப்பார்கள்? இறைவணக்கம் எங்கே? 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்துக்குப் பிறகு குழந்தைகள் பள்ளியில் இருவேளை உண்கிறார்கள். எங்கே உட்கார்ந்து? தட்டை எங்கே கழுவி? பெரும்பாலான பள்ளிகளில் எல்லாவற்றுக்கும் ஒரே இடம்தான், ஐந்தடி அகலத் தாழ்வாரம். வரைபடத்தில் அதற்கு 'நடைபாதை' என்று பெயரிட்டு, செலவைக் குறைக்க முதலில் அதைத்தான் சுருக்குகிறார்கள். நீங்கள் அதைப் பத்தடியாக்குங்கள். வகுப்பறைகளைப் பிறகு அதன் ஓரமாக வரிசையாக வையுங்கள். எனக்குச் சொல்ல இருப்பது முக்கியமாக இதுதான்.

புத்தகக் கூரையை விட்டுவிடுங்கள். மடிப்பு கீழே வரும்படி விரித்தால் இரு பக்க நீரும் நடுவில் வந்து சேரும். ரப்பர் மரம் தை மாதத்தையொட்டி மொத்தமாக இலை உதிர்க்கும். அந்தக் கால்வாயை யார் ஏறிச் சுத்தம் செய்வார்கள்? இரண்டாவது ஆண்டே ஒழுகும் கூரைக்கு எந்தக் கருத்தும் துணைக்கு வராது. தட்டைக் கூரை கூடாது, வெறும் தகரமும் கூடாது. தகரக் கூரைக்குக் கீழே படித்தவன் நான். மழை வலுத்தால் ஆசிரியரின் குரல் முதல் வரிசைக்கே எட்டாது. ஓட்டுக் கூரை, நல்ல சரிவு, சுவரைத் தாண்டி நான்கடியாவது நீளும் இறவாணம். அவ்வளவு போதும்.

பத்மநாபபுரத்துக்கு மறுபடியும் போங்கள், ஆனால் முகப்பைப் பார்க்க வேண்டாம். உள்ளே மரச்சட்டங்களைச் சாய்வாக அடுக்கிய அழிகள் இருக்கின்றன. வெளிச்சத்தை மட்டுப்படுத்திக் காற்றை விடுகின்றன, சாரலைத் தடுக்கின்றன. அதற்கு வெளியே தாழ இறங்கும் கூரை. பிறகு ஊட்டுப்புரையில் நில்லுங்கள். இரண்டு தளங்களிலும் சேர்த்து 2,000 பேர் அமர்ந்து உண்ணக்கூடிய கூடம் அது. எத்தனை நீளம், எத்தனை அகலம், சன்னல் தரையிலிருந்து எத்தனை உயரம் என்று டேப் வைத்து அளந்து வாருங்கள். இந்த அளவுகளும் காற்றின் வழியும் உங்கள் பள்ளிக்குள் வந்துவிட்டால், அதை நகல் என்று யாரும் சொல்ல முடியாது. அழியை மரத்தில்தான் செய்ய வேண்டும் என்பதுமில்லை. திருவனந்தபுரத்தில் வாழ்ந்த கட்டடக்கலைஞர் லாரி பேக்கர் செங்கல்லிலேயே சல்லடைச் சுவர் கட்டிக் காட்டினார். செங்கல்லை நெட்டுக்குத்தாக வைத்து நடுவே வெற்றிடம் விடும் அவருடைய எலிப்பொறிக் கட்டில் ஏறத்தாழ கால்பங்கு செங்கல் மிச்சமாகும், வெப்பமும் குறைவாக இறங்கும்.

வெயிலில் ஒரு செய்தி. வடக்குச் சன்னலில் வெயில் விழாது என்று படித்திருப்பீர்கள். அது நமக்குப் பொருந்தாது. நாம் எட்டுப் பாகை அட்சரேகையில் இருக்கிறோம். ஏப்ரல் இரண்டாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் இறுதிவரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. பள்ளியாண்டின் முதல் மூன்று மாதங்கள் அதற்குள் அடங்கும். ஆகவே தெற்கைப்போல் வடக்குச் சுவருக்கும் நிழல் வேண்டும். கிழக்கிலும் மேற்கிலும் வெயில் தாழ்வாக வந்து கண்ணில் குத்தும். அங்கே சன்னலைக் குறைத்துவிடுங்கள். சன்னலின் அடிமட்டத்தைப் பழக்கப்படி மூன்றடியில் வைக்காதீர்கள். ஒன்றாம் வகுப்புக் குழந்தை தரையில் உட்கார்ந்தால் அதன் கண் இரண்டடிக்கும் கீழே இருக்கும். அந்தக் குழந்தைக்கு ஆண்டு முழுவதும் சுவர்தான் தெரியும்.

மனையின் சரிவை இயந்திரம் வைத்து வெட்டிச் சமன்செய்ய வேண்டாம். வெட்டிய மண் மழையில் இறங்கும், தாங்குசுவருக்கே பாதிப் பணம் போய்விடும். படிப்படியாக அமையுங்கள். ஆனால் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தடையற்ற வழியைக் கேட்கிறது. சாய்தளம் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற விகிதத்தில் வேண்டும். மூன்றடி ஏற முப்பத்தாறு அடி ஓட வேண்டும். அதைப் பின்பக்கத்தில் ஒட்டவைக்காமல் அகலமான தாழ்வாரத்தின் ஒரு பகுதியாகவே ஓடவிடுங்கள். சக்கர நாற்காலியில் வரும் குழந்தை மற்றவர்களோடு சேர்ந்தே வகுப்புக்குப் போகட்டும்.

சமையற்கூடத்தைத் தனியாக, தள்ளி வையுங்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் எரிந்து போனார்கள். சமையலிடத்துத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது, இறங்கக் குறுகலான மாடிப்படி ஒன்றுதான் இருந்தது. பள்ளி வரையும் எவரும் அந்த நாளை மறக்கக் கூடாது. உங்கள் பள்ளி ஒரே தளமாக இருக்கட்டும், ஒவ்வொரு வகுப்பறைக்கும் வெளிப்பக்கம் திறக்கும் இரண்டு கதவுகள் இருக்கட்டும்.

மாணவப் பருவத்தில் வரைந்த பள்ளி காகிதத்தோடு போய்விடும் என்று எண்ண வேண்டியதில்லை. கட்டடக்கலைஞர் பிரான்சிஸ் கெரே பெர்லினில் மாணவராக இருந்தபோதே தன் ஊரான புர்கினா பாசோவின் காண்டோவுக்குப் பள்ளி வரைந்து, பணம் திரட்டி, 2001இல் கட்டி முடித்தார். ஊர்க்காரர்களே களிமண்ணில் கல் அறுத்தார்கள். உட்கூரைக்கு மேலே தகரக் கூரையைத் தூக்கி நிறுத்தி, இடைவெளி வழியாகச் சூட்டை வெளியேற்றினார். 2022இல் கட்டடக்கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் விருது பெற்றார். அவர் கூரையை அப்படியே இங்கே கொண்டுவராதீர்கள், சாரல் அந்த இடைவெளியில் புகுந்துவிடும். தன் ஊரின் வெக்கையிலிருந்து தொடங்கினார் என்பதைக் கவனியுங்கள்.

அடுத்த மதிப்பீட்டுக்கு முன் அந்தப் பகுதியில் இயங்கும் ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியரிடம் அனுமதி பெற்று, மழை நாளில் போய் காலையிலிருந்து கடைசி மணிவரை இருங்கள். சத்துணவு அமைப்பாளரிடமும் சமையலரிடமும் பேசுங்கள். கழிப்பறைக்குப் போகப் பெண் குழந்தைகள் எந்த வழியில் நடக்கிறார்கள் என்று பாருங்கள். பிறகு முகப்பைத் தொடாமல், கூரை, தாழ்வாரம், வகுப்பறை, மண் நான்கும் தெரியும் ஒரு வெட்டுத்தோற்றத்தை ஒன்றுக்கு ஐம்பது அளவில் வரைந்து எனக்கு அனுப்புங்கள். மழைநீர் விழும் இடத்தையும் அது போகும் வழியையும் அதில் குறித்திருக்க வேண்டும்.