வங்கியில் 92 லட்சம், வருமானம் 5.60 லட்சம்: நோட்டீஸுக்கு என்ன பதில்?

கேள்வி: பாம்பனில் கணவாய், நண்டு வாங்கி ஏற்றுமதி கம்பெனிகளுக்குக் கொடுக்கிறேன். சில படகுகளின் மீனைக் கமிஷனுக்கும் விற்றுத் தருகிறேன். 2023-24இல் என் வங்கிக் கணக்கில் 92 லட்சம் வந்தது. செலவு போக 5.60 லட்சம் என்று சுகம் (ஐடிஆர்-4) என்ற எளிய வருமான வரிப் படிவத்தில் காட்டினேன். மீதிக்கு விளக்கம் கேட்டு வருமான வரித் துறை நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. என்ன செய்வது?

பதில்: வங்கியில் விழுந்ததெல்லாம் வருமானம் இல்லை. அது துறைக்கும் தெரியும். பிரித்துக் காட்டும் பொறுப்பு உங்களுடையது. நீங்கள் அனுப்பிய தாள்களின்படி 54 லட்சம் படகுக்காரர்களின் மீன் விற்ற பணம். அதில் 5 சதவீதம், 2.70 லட்சம்தான் உங்கள் வரவு. சொந்த விற்பனை 38 லட்சம். ஆக லாப நட்டக் கணக்கு 40.70 லட்சத்தில் தொடங்க வேண்டும். எந்தப் படகுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்ற சீட்டுகள் முக்கியம். அவை இல்லையென்றால் 54 லட்சமும் உங்கள் விற்பனைதான் என்று சொல்லிவிடுவார்கள்.

செலவுப் பக்கம்தான் இடிக்கிறது. கொள்முதல், ஐஸ், ஏற்றுக்கூலி, வண்டி வாடகை எல்லாம் சரி. ஆனால் மார்ச்சில் படகுகளுக்குக் கொடுத்து இன்னும் கழியாத 1.50 லட்சம் முன்பணத்தையும் செலவில் எழுதியிருக்கிறீர்கள். ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்குமுன் கொடுத்தால்தான் படகு நம் பக்கம் நிற்கும், வாஸ்தவம். ஆனாலும் அது திரும்பி வரவேண்டிய பணம். இருப்புநிலைக் குறிப்பில் சொத்தாக நிற்கும். மகளின் கல்லூரிக் கட்டணம் 40 ஆயிரம் வீட்டுச் செலவு. இரண்டையும் நீக்கினால் வருமானம் 7.50 லட்சம். புதிய வரிமுறையில் அந்த ஆண்டு 7 லட்சம் வரை வரி இல்லை, 7.50க்கு செஸ் என்ற கூடுதல் வரியோடு 31,200 ரூபாயும், அதற்கு வட்டியும் வரும்.

அப்புறம் ரொக்கம். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதைச் செலவாக ஏற்க மாட்டார்கள். மீன்பிடிப்பவரிடம் நேரடியாக வாங்கிய மீனுக்கு விலக்கு உண்டு. கணவாய், நண்டு, இறால் இதில் அடங்கும் என்றும், கரையிலேயே மீனைத் தரம்பிரித்து விற்கும் மீனவர் தலைவரிடம் வாங்கினாலும் செல்லும் என்றும் 2008இலேயே சுற்றறிக்கை வந்துவிட்டது. இடைத்தரகரிடம் வாங்கியதற்கு இது பொருந்தாது. ஆகவே ரொக்கம் வாங்கியவர்களில் யார் மீனவர், யார் வியாபாரி என்று இன்றே பட்டியல் போடுங்கள்.

சுகம் படிவமும் தவறான தேர்வு. நீங்கள் அதைப் போட அடிப்படையான, விற்பனையில் 6 அல்லது 8 சதவீதத்தை லாபமாகக் காட்டும் வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவு, கமிஷன் வருமானம் உள்ளவருக்குக் கிடையாது. விற்பனை 25 லட்சத்தைத் தாண்டியதால் நீங்கள் கணக்குப் புத்தகமும் வைத்திருக்க வேண்டும். 1 கோடிக்குள் இருப்பதால் வரித் தணிக்கை தேவைப்படாது. ஆனாலும் பதிலை ஒரு ஆடிட்டரிடம் காட்டாமல் அனுப்பாதீர்கள்.

பழைய தேதியில் பில் போட்டுச் சரிக்கட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். குறைத்துக் காட்டிய வருமானத்துக்கு அபராதம் அதற்கான வரியில் 50 சதவீதம். பொய்க் கணக்கு என்று நிரூபணமானால் 200 சதவீதம். 7.50 லட்சத்தை ஒப்புக்கொண்டு, கணக்கோடு வருமான வரி போர்ட்டலில் பதில் போடுங்கள். கெடு போதாவிட்டால் அங்கேயே அவகாசம் கேளுங்கள்.