இன்ஜினை அணைத்த பிறகும் படகு ஏன் நகர்கிறது? விசை உந்தத்தை எப்படி மாற்றுகிறது?

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் விசைப்படகு வைத்திருந்த வீட்டில் வளர்ந்தவன் நான். பள்ளியில் படிப்பதற்கு முன்பே இந்தப் பாடத்தை வசவோடு கற்றுக்கொண்டேன். பன்னிரண்டு வயதிருக்கும். படகு ஜெட்டியை, அதாவது படகுத்துறையை, நெருங்கியபோது, இடிக்காமல் தடுக்கிறேன் பேர்வழி என்று சுவரை நோக்கிக் காலை நீட்டினேன். சித்தப்பா சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்துப் போட்டார். "காலை எடுறா! வத்தைன்னு நினைச்சியா?"

வத்தை என்றால் சின்னப் படகு. எங்கள் விசைப்படகும் வந்தது நடை வேகத்தில்தான். ஆளை ஏமாற்றுவதே அதுதான். நிறையை வேகத்தால் பெருக்கினால் உந்தம். 10 டன் படகு நொடிக்கு 1 மீட்டர் நகர்கிறது என்று வையுங்கள். ஆளோடு 200 கிலோ வரும் பைக்குக்கு அதே உந்தம் வேண்டுமானால் மணிக்கு 180 கிலோமீட்டரில் பறக்க வேண்டும்!

இன்ஜினை அணைத்தால் தள்ளும் விசைதான் போகும், உந்தம் அப்படியே இருக்கும். அதைக் கரைக்க எதிர்விசை வேண்டும். தண்ணீர் மெதுவாகக் கரைக்கும். அவசரமென்றால் டிரைவர் ரிவர்ஸ் போடுவார்.

எவ்வளவு விசை? அது கிடைக்கிற நேரத்தைப் பொறுத்தது. விசை × நேரம் = உந்த மாற்றம். அந்தப் படகை 10 நொடியில் நிறுத்த சராசரியாக 1,000 நியூட்டன் போதும், அதாவது சுமார் 100 கிலோ மூட்டையின் எடை. காங்கிரீட் சுவரில் மோதி 0.1 நொடியில் நின்றால் 1,00,000 நியூட்டன். கிட்டத்தட்ட 10 டன் எடை, என் முழங்காலில்! ஜெட்டியில் பழைய டயர் தொங்குவது இதற்குத்தான். டயர் நசுங்கி அரை நொடி வாங்கிக் கொடுத்தால் விசை ஐந்தில் ஒன்றாகிவிடும். கயிற்றையும் கட்டையில் ஒரு சுற்றுப் போட்டு, வழுக்க விட்டு விட்டுத்தான் பிடிப்பார்கள். சட்டென்று இறுக்கினால் கயிறு தெறித்துவிடும்.

பள்ளியில் 'விசை = நிறை × முடுக்கம்' என்று உருப்போட வைத்தார்கள். 1687இல் நியூட்டன் தந்த விதி உந்தம் மாறுவதைப் பற்றியதுதான். எனக்கு அதுவே எளிதாகப் படுகிறது.

விசை பக்கவாட்டில் வந்தால் உந்தத்தின் திசையும் மாறும். வாடைக்காற்று நாளில் அணியத்தை, அதாவது படகின் முன்பக்கத்தை, காற்றுப் பக்கம் சற்றே திருப்பி வைத்துக்கொண்டு வருவது அதனால்தான்.

அப்புறம் வத்தை. சும்மா நிற்கும் 150 கிலோ வத்தையிலிருந்து 50 கிலோ பையன் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் கரைப்பக்கம் தாவினால், வத்தை நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் பின்னால் போகும். தரையில் தாவும் அதே நினைப்பில் காலை உதைத்தால் தாவல் எட்டாது. அதே வருஷம், சோற்றுத் தூக்குவாளியும் கையுமாக நான் தண்ணீருக்குள் போனது இப்படித்தான்.