பங்க், மெட்டல், கிழிந்த ஸ்பீக்கர் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பங்க், ஹெவி மெட்டல் என்ற இரண்டு ராக் இசை வகைகளும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று எழுதியிருந்தீர்கள். பங்க் மூன்று கார்டை (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டை) வைத்துக்கொண்டு கத்துவது, மெட்டல் அசுர சாதகம். எப்படி ஒரே வேர்? இன்னொன்று, டிஸ்டார்ஷன் (ஒலியைச் சிதைத்துக் கரகரப்பாக்குவது) போட்டு ஈ மேஜர் கார்டை வாசித்தால் ஒரே இரைச்சல். என் கிதார் பழுதா?

க.

அன்புள்ள க.,

கிதார் நன்றாகத்தான் இருக்கிறது. முதல் கேள்விக்கான விடையும் அந்த இரைச்சலுக்குள்ளேயே இருக்கிறது.

1958இல் ‘ரம்பிள்’ இசைத்தட்டுக்காக கிதார் கலைஞர் லிங்க் ரே, ஒலி கரகரக்க வேண்டுமென்று ஆம்பின் (ஒலிபெருக்கியின்) ஸ்பீக்கரைப் பென்சிலால் குத்தினார். 1964இல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் தன் சின்ன எல்பிகோ ஆம்பின் ஸ்பீக்கரை பிளேடால் கீறி, அந்த ஒலியை வாக்ஸ் ஏசி30 என்ற இன்னொரு ஆம்புக்குள் செலுத்தினார். இந்தக் கரகரப்பு முழுக் கார்டைத் தாங்காது. தடித்த ஈ கம்பி 82.4 ஹெர்ட்ஸ், அதன் பஞ்சமமான பி 123.5. டிஸ்டார்ஷன் இரண்டுக்குமான வித்தியாசத்தையும் ஒலியாக்கும்: 41. அதே ஈ, ஒரு ஸ்தாயி கீழே! அதனால்தான் இந்த இரண்டு சுரம் மட்டுமே உள்ள பவர் கார்டுக்கு அந்தக் கனம். முழு ஈ மேஜரில் மூன்றாம் கம்பியின் ஜி ஷார்ப்பும் சேர்ந்தால், பக்கத்துக் கம்பிகளோடு 43, 39 என்று 41ஐ ஒட்டியே புது அதிர்வுகள் முளைத்து மோதும். ஆகவே ஷட்ஜமம், பஞ்சமம் போதும், காந்தாரம் (அந்த ஜி ஷார்ப்) வேண்டாம். ஆறாம் கம்பியைத் திறந்து விடுங்கள், ஐந்திலும் நான்கிலும் இரண்டாம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்குக் கட்டையில்) அழுத்துங்கள், மீதி மூன்றை விரலால் அடக்குங்கள். கெயினை (டிஸ்டார்ஷன் அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழை) பாதியாக்குங்கள்.

டெட்ராய்ட்டின் எம்சி5, பக்கத்து ஆன் ஆர்பரின் ஸ்டூஜஸ், பர்மிங்ஹாமின் பிளாக் சப்பாத் என எல்லாக் குழுக்களுக்கும் மூலதனம் இந்தக் கரகரப்பும் பவர் கார்டும்தான். பிரிந்தது பிறகு, பெரும்பாலும் வேகத்திலும் சுருதியிலும். தகடு ஆலையில் இரண்டு விரல் நுனிகளை இழந்த சப்பாத்தின் டோனி அயோமி 1971இல் கிதாரின் சுருதியை மூன்று அரைச்சுரம் இறக்கினார். கம்பி தளர்ந்தால் விரலுக்கு வலி குறைவு. (நீங்கள் இறக்கினால் தடித்த கம்பி செட் போடுங்கள், இல்லையென்றால் கம்பி ஃப்ரெட்டில் தட்டிச் சலசலக்கும்.) ரமோன்ஸ் என்ற பங்க் குழுவின் ஜானி ரமோன் 1976இல் எல்லாவற்றையும் கீழ்நோக்கியே அடித்தார். நிமிடத்துக்கு சுமார் 175 தாளம், 350 அடி. சாதகம் இல்லாமல் இது வராது. முழங்கையிலிருந்து அடித்தால் ஒரு பாட்டு முடிவதற்குள் கை இறுகிவிடும், மணிக்கட்டு மட்டும் அசைய வேண்டும். மெட்டல் குழுவான மெட்டாலிகாவின் ஹெட்ஃபீல்ட் இந்த அடியை எடுத்தது ரமோனிடமிருந்துதான்.

சப்பாத்தின் ‘பாரனாய்ட்’ (1970) மூன்று நிமிடம்கூட இல்லை. பங்க் குழுவான பிளாக் ஃப்ளாக் 1984இல் ‘மை வார்’ தட்டின் இரண்டாம் பக்கத்தை ஊர்ந்து நகரும் சப்பாத் வேகத்துக்கு இழுத்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். எது பங்க், எது மெட்டல் என்று எழுதுங்கள்.