காரில் மென்பொருள் ஹேங் ஆனால் அதை எழுப்புவது யார்? – கேள்வி பதில்

காட்பாடியில் வளர்ந்தவன் நான். கார் கம்ப்யூட்டர்களுக்கு மென்பொருள் எழுதுவதுதான் வேலை. நம் பக்கத்து நண்பர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

ராணிப்பேட்டை டாக்சி ஓட்டுநர்: மே மாத வெயிலில் பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டியதும் நடு ஸ்கிரீன் கறுத்துப்போய், அரை நிமிடத்தில் தானாக வந்தது. வண்டி நிற்கவில்லை. பயப்பட வேண்டுமா சார்?

ஸ்கிரீனுக்கு ஒரு கம்ப்யூட்டர், இன்ஜினுக்கு வேறு, பிரேக்குக்கு வேறு. அதனால்தான் வண்டி பாட்டுக்கு ஓடியது. ஸ்கிரீன் மென்பொருள் பதில் தராமல் போனதும், அதைக் கவனிக்கிற வாட்ச்டாக் என்னும் டைமர் அதை ரீசெட் செய்திருக்கலாம். கண்ணாடி ஏற்றி வெயிலில் நின்ற வண்டி என்றால் சூட்டினாலும் அணைந்திருக்கலாம். ஒருமுறை என்றால் விடுங்கள். திரும்பத் திரும்ப வந்தால் நேரத்தையும் இடத்தையும் குறித்துவைத்துச் சர்வீஸில் காட்டுங்கள்.

ரிவர்ஸ் கேமரா படமும் அதே ஸ்கிரீனில்தான் வரும், அதை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ரிவர்ஸ் கியர் போட்ட 2 வினாடிக்குள் படம் வரவேண்டும் என்பது அமெரிக்க விதி. முழு சிஸ்டமும் எழுந்துவர அதைவிட நேரமாகும் என்பதால், கேமராவுக்கு மட்டும் தனி வழி வைத்து முதலில் எழுப்புகிற வண்டிகள் உண்டு.

காட்பாடி கல்லூரி மாணவர்: வாட்ச்டாக் எப்படி வேலை செய்கிறது அண்ணா?

தம்பி, சத்துவாச்சாரி பக்கம் ராத்திரியில் கூர்க்கா விசில் ஊதிக்கொண்டு போவாரே, அதை நினைத்துக்கொள். விசில் கேட்கும்வரை அவர் விழித்திருக்கிறார். வாட்ச்டாக் என்பது சிப்பிலோ வெளியிலோ இருக்கும் ஒரு டைமர். மென்பொருள் குறித்த நேரத்துக்குள் அதற்குக் குரல் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் கம்ப்யூட்டரை ரீசெட் செய்துவிடும். சீக்கிரமாகக் கொடுத்தாலும் ரீசெட் செய்கிற 'விண்டோ' வகையும் உண்டு. ஏதோ லூப்பில் மாட்டிக்கொண்டு விடாமல் குரல் கொடுக்கிற மென்பொருளை அதுதான் பிடிக்கும்.

ஆனால் விசில் கேட்டதாலேயே அவர் எல்லாத் தெருவுக்கும் போனார் என்று ஆகாது. வேலைக்குப் புதிதில் நான் டைமர் இன்டரப்டுக்குள் (நடக்கிற வேலையை இடைமறித்துக் குறித்த நேரத்துக்கு ஒருமுறை தானாக ஓடும் சிறு பகுதி) இருந்து வாட்ச்டாக்குக்குக் குரல் கொடுத்தேன். உண்மையான வேலையைச் செய்கிற மெயின் லூப் செத்துக் கிடந்தது, இன்டரப்ட் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. ரீசெட் வரவேயில்லை. அந்தத் தவறைக் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது.

கார் மென்பொருளுக்கான ஆட்டோசார் தரநிலை கண்காணிப்பை மூன்றாகப் பிரிப்பது இதற்காகத்தான். இந்த வேலை சொன்ன எண்ணிக்கையில் நடக்கிறதா? இங்கிருந்து அங்கே போகச் சொன்ன நேரத்துக்குள் போகிறதா? வரிசை மாறாமல் போகிறதா? மூன்றும் சரியாக இருந்தால்தான் வாட்ச்டாக்குக்குக் குரல் போக வேண்டும்.

ஆற்காடு, இளம் பொறியாளர்: எங்கள் கார் கம்ப்யூட்டரில் லினக்ஸ். சர்வீஸ் (பின்னணியில் ஓடும் புரோகிராம்) செத்தால் சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் மென்பொருள்) திரும்பத் தொடங்கிவிடுகிறது. போதாதா?

போதாது. செத்தால்தான் அது பார்க்கும், ஹேங் ஆகி உயிரோடு இருந்தால் பார்க்காது. சிஸ்டம்டியிலேயே வாட்ச்டாக் வசதி இருக்கிறது. நேரத்தைக் கொடுத்துவிட்டு, அதில் பாதி நேரத்துக்கு ஒருமுறை சர்வீஸ் சேதி அனுப்பும்படி எழுதுங்கள். அப்புறம், வழக்கமான அமைப்பில் 10 வினாடிக்குள் 5 முறைக்கு மேல் தொடங்க முயன்றால் சிஸ்டம்டி கைவிட்டுவிடும். அந்த நிலைமையில் வண்டி என்ன செய்ய வேண்டும் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். சிஸ்டம்டியே ஹேங் ஆனால் அதைக் கவனிக்க ஹார்டுவேர் வாட்ச்டாக்கையும் இயக்கிவையுங்கள்.

இதில் நான் பிடிவாதமாக இருப்பது ஒரே விஷயத்தில்தான்: ஏன் செத்தது என்று பதியாமல் ரீஸ்டார்ட் செய்யக் கூடாது. 1997இல் செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலம் அடிக்கடி ரீசெட் ஆனது. முன்னுரிமை குறைந்த ஒரு வேலை பிடித்துவைத்திருந்த பூட்டுக்காக (ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் உள்ளே விடும் மென்பொருள் அனுமதி) முக்கியமான வேலை காத்துக்கிடந்தது, நேரம் தவறியதும் ரீசெட். பூமியில் இருந்த மாதிரிக் கலத்தில் ஓட்டி, பதிவுகளைப் பார்த்துத்தான் காரணத்தைப் பிடித்தார்கள். பதிவு இல்லாத ரீஸ்டார்ட், காய்ச்சலைப் பார்க்காமல் மாத்திரை போடுவது மாதிரி.

குடியாத்தம், ஓர் அம்மா: பிரேக் கம்ப்யூட்டர் நின்றுவிட்டால் பிரேக் பிடிக்காதா தம்பி?

சாதாரண ஹைட்ராலிக் பிரேக் உள்ள காரில் பிடிக்கும் அம்மா. சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்கிற ஏபிஎஸ் விலகிக்கொண்டு விளக்கைப் போடும், மிதித்தால் பிரேக் வேலை செய்யும். சடன் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளலாம், அதனால் விளக்கு எரிந்தால் மெதுவாகப் போய்க் காட்டச் சொல்லுங்கள். தானே ஓடும் வண்டிகள் இப்படி விலகிக்கொள்ள முடியாது, அவற்றுக்கு இரண்டாவது கம்ப்யூட்டர் தயாராக இருக்க வேண்டும்.

ஆம்பூர் மெக்கானிக்: காலையில் ஸ்டார்ட் செய்ததும் பல விளக்கு ஒன்றாக எரிகிறது. ஸ்கேனரில் தொடர்பு போனதாக 'யூ' கோடுகள். ஈசியு (காரின் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர்) மாற்றணுமா?

அவசரப்படாதீர்கள் அண்ணே. செல்ஃப் அடிக்கும்போது வோல்டேஜ் விழுந்தால் பல ஈசியு ஒரே நேரத்தில் ரீசெட் ஆகி, ஒன்றையொன்று காணோம் என்று எழுதிவைக்கும். வண்டி நிற்கும்போது பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் இருக்கிறதா, செல்ஃப் அடிக்கையில் 9.6க்குக் கீழே போகிறதா பாருங்கள். எர்த் ஒயரையும் கழற்றித் துடைத்து மாட்டுங்கள். கோடுகளை அழிப்பதற்கு முன்னால் கூடவே பதிவான வோல்டேஜ், வேகம், வெப்பம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துவிடுங்கள். அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும்.