'க்ரவுட் சரியில்லை' என்கிறார்களே!

கேள்வி: நியூ ஜெர்சியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். மகள் வரும் செப்டம்பரில் கிண்டர்கார்டன் போக வேண்டும். எங்கள் பகுதிப் பள்ளிக்கு இணையத்தில் 10-க்கு 5 ரேட்டிங். தமிழ் அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டால், "அங்கே வேண்டாம், க்ரவுட் சரியில்லை" என்கிறார்கள். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு 9. அங்கே வீடு வாங்கினால் இருவர் சம்பளமும் கடனுக்கே சரியாகிவிடும். என்ன செய்யலாம்? (பெயர் வேண்டாம்)

பதில்: அப்படிச் சொன்னவர்களில் எத்தனை பேர் அந்தப் பள்ளி வாசலை மிதித்திருக்கிறார்கள் என்று குழுவிலேயே கேட்டுப் பாருங்கள். எங்கள் குழுவில் நான் ஒருமுறை கேட்டேன். வெகுநேரம் பதிலே இல்லை. அப்புறம் ஒருவர், "ஃப்ரெண்டோட ஃப்ரெண்ட் சொன்னாங்க" என்றார். இன்னொருவர் கைகூப்பும் எமோஜி போட்டார். பேச்சு பொங்கல் விழா டிக்கெட்டுக்குத் தாவிவிட்டது.

'க்ரவுட்' என்றால் என்ன என்று நமக்குத் தெரியாதா? கறுப்பினப் பிள்ளைகளும், லத்தீன் அமெரிக்க வழிவந்த லத்தீனோ பிள்ளைகளும் அதிகம் என்பதை நாசூக்காகச் சொல்கிறோம். வீட்டுத் தரகர் இதைச் சொன்னால் சட்டப்படி தவறு. இனத்தைக் காட்டி ஆட்களை ஓர் ஊருக்குத் தள்ளுவதை 1968-ஆம் ஆண்டின் நியாயமான வீட்டுவசதிச் சட்டம் தடுக்கிறது. அவர் "ஸ்கூல் ரேட்டிங் பார்த்துக்குங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வார். மிச்சத்தை நம் குழு சொல்லிவிடும்.

அந்த ரேட்டிங்கில் தேர்வு மதிப்பெண்களுக்குப் பெரிய பங்கு. மதிப்பெண்ணோ பெற்றோரின் வருமானத்தை ஒட்டியே போகும். 9 வாங்கிய பள்ளியில் நன்றாகக் கற்பிப்பது ஆசிரியரா, மாலை ட்யூஷனா என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது.

இதில் ஒரு வேடிக்கை. பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிரவுன் வழக்கில் தீர்ப்புச் சொன்ன 1954-க்கு முன்பே, 1947-லேயே, அரசுப் பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்று தன் அரசியல் சட்டத்தில் எழுதிவைத்த மாநிலம் நியூ ஜெர்சி. இன்றைக்குப் பிள்ளைகள் இனவாரியாகப் பிரிந்து படிப்பதில் முன்வரிசையில் நிற்பதும் இதேதான். இதற்காக 2018-ல் மாநிலத்தின் மீது வழக்கே போட்டார்கள். இங்கே ஏறக்குறைய 600 பள்ளி மாவட்டங்கள், அதாவது தனித்தனிப் பள்ளி நிர்வாகப் பகுதிகள். எந்த ஊரில் வீடோ, பெரும்பாலும் அந்த ஊர்ப் பள்ளிதான். எல்லை தாண்டிப் பிள்ளைகளைக் கலக்கும் வழியையும் 1974-ல் டெட்ராய்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் பெருமளவு அடைத்துவிட்டது. ஆகவே இப்போது யாரும் யாரையும் துரத்த வேண்டியதில்லை. ரேட்டிங் பார்த்து வசதியுள்ள ஒரு குடும்பம் கிளம்புகிறது, மதிப்பெண் சரிகிறது, அதைப் பார்த்து அடுத்த குடும்பம் பெட்டி கட்டுகிறது.

சரி, உங்கள் விஷயம். மகளை வைத்து ஊரைத் திருத்தச் சொல்ல மாட்டேன். பள்ளிக்குப் போன் செய்து, சுற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். மாநிலக் கல்வித்துறை ஆண்டுதோறும் வெளியிடும் பள்ளி அறிக்கையில், பிள்ளைகள் ஒரு வருடத்தில் எவ்வளவு முன்னேறினார்கள், எத்தனை பேர் அடிக்கடி விடுப்பு எடுக்கிறார்கள் என்று பாருங்கள். பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நிற்கும் அம்மாக்களிடம் பேசுங்கள்.

எங்கள் மூத்தவன் இப்படி ஒரு பள்ளியில்தான் படித்தான். கணக்கில் முந்திப் போகிற பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு கிடையாது, அதற்காக நான் சண்டையே போட்டேன். ஆனால் அவனுடைய டொமினிகன் நண்பனின் பாட்டி, மாலையில் இருவருக்குமாகச் சுடச்சுட வாழைக்காய் வறுவலோடு வாசலில் நிற்பார். நான் செய்கிற வறுவலுக்கு அதன் பிறகு வீட்டில் மதிப்பே இல்லை.

பார்த்த பிறகும் மனம் ஒப்பவில்லையா? பக்கத்து ஊரில் வாடகைக்குப் போங்கள். அங்கே குடியிருந்தால் போதும், பள்ளியில் இடம் உண்டு. அதற்காகக் கழுத்து வரை கடன் வேண்டாம்.

போய் வந்ததும், பார்த்ததைக் குழுவில் எழுதுங்கள், கழிவறை எப்படி இருந்தது என்பது உட்பட.