ஒழுங்கைக்குள்ளே ஒரு பூங்கா: வாசகர் கேள்வி–பதில்

பாடசாலை விடுமுறை நெருங்குவதால் சிறுவர் பூங்காக்கள் பற்றிய கடிதங்களே இம்முறை அதிகம். பெரிய பூங்காக்களைவிட வீட்டுக்குப் பக்கத்திலுள்ள சின்னப் பூங்காக்களைப் பற்றித்தான் பலரும் கேட்டிருக்கிறார்கள்.

ஐந்து வயதிலும் இரண்டு வயதிலும் இரண்டு பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்துப் பூங்காவில் ஊஞ்சலுக்கே வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. சன நெரிசல் இல்லாத இடம் ஏதும் உண்டா?
– ஒரு தாய், கொக்குவில்

உங்கள் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்திலேயே இருக்கக்கூடும். யாழ்ப்பாணத்தில் பல சனசமூக நிலையங்களின் பின்வளவிலும் முன்பள்ளிகளை ஒட்டியும் இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்கு, ஒரு சீசோ என்ற அளவில் சின்னப் பூங்காக்கள் உண்டு. பிரதான வீதியில் பெயர்ப்பலகை இருக்காது. ஒழுங்கைக்குள் இறங்கி இரண்டு முடக்குத் திரும்பினால்தான் மதில் தெரியும். வாசிகசாலையில் பத்திரிகை பார்க்க வரும் பெரியவர்களையோ, முன்பள்ளி ஆசிரியையையோ, கிராம அலுவலரையோ கேளுங்கள். கூடவே, திறப்பு யாரிடம் இருக்கிறது என்றும் கேட்டு வையுங்கள். முன்பள்ளி நடக்கும் காலை வேளைகளில் வெளிப்பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். சில இடங்களில் பின்னேரம் ஒருவர் வந்து திறந்தால்தான் உண்டு.

இரண்டு வயதுப் பிள்ளைக்குச் சின்ன இடமே நல்லது. ஓரிடத்தில் நின்றபடி இரண்டு பிள்ளைகளையும் ஒரே பார்வைக்குள் வைத்திருக்கலாம். பெரிய பூங்காவில் ஒன்று சறுக்கில் நிற்கும்போது மற்றது வாசலுக்கு ஓடிவிடும்.

மூத்த பிள்ளைக்கு ஓடித் திரிய இடம் வேண்டுமென்றால் மாதம் ஒருமுறை பெரிய இடத்துக்குப் போங்கள். பொது நூலகமும் மணிக்கூட்டுக் கோபுரமும் உள்ள பக்கத்தில் சுப்பிரமணியம் பூங்கா இருக்கிறது. நல்லூரில் சங்கிலியன் பூங்கா. கண்டி வீதியில், சுண்டுக்குளிப் பக்கம், பழைய பூங்கா. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நெடுங்காலம் வட மாகாண அரச அதிபராக இருந்த பேர்சிவல் அக்லண்ட் டைக் உருவாக்கிய சோலை அது. அங்குள்ள பெருமரங்களின் நிழலுக்காகவே போகலாம். இடிந்து கிடக்கும் பழைய அரச அலுவலகமான கச்சேரிக் கட்டடத்துக்குள் மட்டும் பிள்ளைகளை ஏறவிடாதீர்கள். நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாட்களும் கோயிலைச் சுற்றிய வீதிகளில் வாகனம் விடமாட்டார்கள். அந்த நாட்களில் சங்கிலியன் பூங்காவுக்குப் போவதென்றால் நடைக்கும் சேர்த்து நேரம் ஒதுக்குங்கள்.

எந்த நேரம் கூட்டிக்கொண்டு போவது? நாலு மணிக்குப் போனாலும் வெயில் சுடுகிறது.
– கோண்டாவில் வாசகர்

மரம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்தால் பாதிப் பதில் கிடைத்துவிடும். பின்னேர வெயில் மேற்கிலிருந்து வருகிறது. ஊஞ்சலுக்கு மேற்கே வேம்போ வாகையோ நின்றால் மூன்றரைக்கே நிழல் விழுந்துவிடும். மரம் கிழக்கே நின்றால் ஐந்தரை வரை வெயில்தான், அந்தப் பூங்காவுக்குக் காலை ஏழு மணிக்கும் எட்டரைக்கும் இடையில் போவதே புத்தி. ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் கடைசியிலும் சூரியன் எங்களுக்கு நேர் உச்சிக்கு வருகிறது. அந்த நாட்களில் மத்தியானம் மரநிழல் அடிமரத்தைச் சுற்றி மட்டுமே விழும். பத்து மணிக்கும் மூன்றரைக்கும் இடையில் போகவே வேண்டாம்.

இருட்டும் நேரமும் மாதத்துக்கு மாதம் மாறும். ஜூலையில் ஆறரை வரை வெளிச்சம் இருக்கும். நவம்பரில் ஆறுக்கு முன்பே பொழுது பட்டுவிடும். ஜூலைப் பழக்கத்தில் நவம்பரிலும் ஐந்து மணிக்குப் புறப்பட்டால் நுளம்புக் கடியோடு திரும்புவதுதான் மிச்சம்.

எவ்வளவு நேரம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறோம். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு 40 நிமிடம் தாராளம். கிழமைக்கு மூன்று தடவை 40 நிமிடம் போவது, மாதம் ஒருமுறை மூன்று மணித்தியாலம் நிற்பதைவிடப் பிள்ளைக்கு நல்லது. ஏறுவதும் சமநிலை பிடிப்பதும் அடிக்கடி செய்தால்தான் உடம்பில் படியும்.

பூங்கா பாதுகாப்பானதா என்று பார்ப்பது எப்படி?
– ஓர் அப்பப்பா, சுன்னாகம்

முதல்முறை பிள்ளை இல்லாமல் போய்ப் பாருங்கள். பத்து நிமிடம் போதும்.

முதலில் நிலம். பூங்காவில் பெரிய காயம் அநேகமாக விழுந்துதான் வருகிறது. எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது என்பதோடு எதன்மேல் விழுகிறது என்பதும் சேர்ந்தே காயத்தைத் தீர்மானிக்கும். ஊஞ்சலின் கீழும் சறுக்கின் வாயிலும் குதிக்காலால் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். கால் புதைய வேண்டும். நாலடி உயரத்திலிருந்து விழும் பிள்ளையைத் தாங்க 9 அங்குல ஆழத்துக்கு இளகிய மணல் வேண்டும். எங்கள் பூங்காக்களில் மணல் போடுகிறார்கள், ஆனால் கிளறுவதில்லை. ஒரு மாரி கழிந்தால் மணல் இறுகிச் சிமெந்துத்தரை போலாகிவிடும். பிள்ளைகள் கால் உதைக்கும் இடத்தில் மணல் விலகிக் குழியும் விழும். மண்வெட்டியால் மாதம் இருமுறை கிளறி, குழியை நிரப்பினால் போதும். கிளறும்போதுதான் போத்தல் துண்டுகளும் நாய்க்கழிவும் கண்ணில் படும்.

அடுத்தது ஊஞ்சல். இருக்கையைப் பார்க்கிறவர்கள் மேலே பார்ப்பதில்லை. சங்கிலி மேல்கம்பியில் மாட்டியிருக்கும் கொக்கியில்தான் தேய்மானம் முழுவதும் நடக்கிறது. உப்புக்காற்று படும் இடங்களில், முக்கியமாகக் கடல் நீரேரியை அண்டிய பூங்காக்களில், துரு அதைவிட வேகமாகத் தின்னும். கொக்கி மூன்றில் ஒரு பங்கு தேய்ந்திருந்தாலோ, அதன் வாய்க்குள் ஒரு ரூபாய்க் காசின் விளிம்பு நுழைந்தாலோ அந்த ஊஞ்சல் வேண்டாம். இரண்டு தூண்களையும் பிடித்து உலுப்புங்கள். அடியில் மண் அசைந்தால் கொங்கிறீட் விட்டுவிட்டது என்று அர்த்தம். மேல்கம்பி 7 அடி உயரமென்றால் முன்னால் 14 அடியும் பின்னால் 14 அடியும் வெறுமையாக இருக்க வேண்டும். மதிலோடு ஒட்டி ஊஞ்சல் கட்டுவது சின்னப் பூங்காக்களில் காணும் பெரிய பிழை.

மூன்றாவது இடைவெளி. ஏணிப்படிகளுக்கு நடுவிலோ கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவிலோ மூன்றரை அங்குலத்துக்கு மேல், 9 அங்குலத்துக்குக் கீழ் இடைவெளி இருந்தால் ஆபத்து. பிள்ளையின் உடம்பு கால்வழியாக நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும். உங்கள் கைமுட்டி நுழைகிறதா, பிள்ளையின் தலை நுழையாதா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் அந்த ஏணியில் சின்னவரை ஏற்றாதீர்கள்.

புறப்படும்போது கழுத்துச் சங்கிலியைக் கழற்றி வீட்டில் வையுங்கள். களவுக்காக மட்டும் சொல்லவில்லை. சறுக்கின் மேல்முனையில் சங்கிலியோ சட்டை நாடாவோ சிக்கினால் கழுத்து இறுகும். அக்காமாரின் சால்வைக்கும் இதுவே விதி.

இரண்டு வயது மகள் சறுக்கில் தனியே வரப் பயப்படுகிறாள். மடியில் வைத்துச் சறுக்கலாமா?
– மானிப்பாய் வாசகி

வேண்டாம். அன்பாகச் செய்யும் இந்தக் காரியத்தில்தான் கால் எலும்பு முறிகிறது. பிள்ளையின் சப்பாத்து ஓரத்தில் பட்டு நின்றுவிடும், உங்கள் பாரம் சேர்ந்த வேகமோ நிற்காது. முழங்காலுக்குக் கீழ் எலும்பு முறுகி உடையும். தனியே வரும்போது கால் பட்டால் பிள்ளையும் அதோடு நின்றுவிடும்.

கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் பிள்ளையை இருத்தி, பக்கத்தில் நின்று, அக்குளுக்குள் கை கொடுத்துக் கூடவே வாருங்கள். நாலைந்து நாளில் பயம் விடும். தகரச் சறுக்கு என்றால் முதலில் உங்கள் புறங்கையை 5 விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குப் பொறுக்காதது பிள்ளையின் தொடைக்கும் பொறுக்காது. பிளாஸ்ரிக்கும் சுடும், அதையும் தொட்டுப் பாருங்கள்.

மழைக்குப் பிறகு பூங்காவுக்குப் போகப் பயமாக இருக்கிறது. டெங்கு பரவும் காலத்தில் போகலாமா?
– நல்லூர் வாசகர்

எங்கள் மழையின் பெரும்பகுதி ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை பெய்கிறது. அந்த மாதங்களிலும் அதையடுத்த ஜனவரியிலும் கவனம் வேண்டும், வீட்டுக்குள் அடைத்து வைக்கத் தேவையில்லை. டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும், காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும் கூடுதலாகக் கடிக்கும். முழுநீளக் காற்சட்டையும் காலுறையும் போட்டு, மூன்றரைக்குப் போய் ஐந்துக்குள் திரும்புங்கள். வானம் மூடியிருக்கும் அந்நாட்களில் மூன்றரை வெயில் சுடாது.

பெரிய குற்றவாளி பூங்காவுக்குள்ளேயே இருக்கும்: பாதி புதைத்து வர்ணம் பூசிய பழைய ரயர். அழகாகத்தான் இருக்கும், ஆனால் உள்வளைவில் ஒரு கோப்பைத் தண்ணீர் எப்போதும் தேங்கி நிற்கும். முட்டை பறக்கும் நுளம்பாக 7 முதல் 10 நாள் போதும். ரயரைப் பிடுங்க வேண்டியதில்லை. தண்ணீர் தேங்கும் இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு மூன்று துளை போட்டு, உள்ளே மண் அடைத்துவிட்டால் முடிந்தது. சனசமூக நிலையத்தார் ஒரு சிரமதானத்தில் செய்துவிடலாம்.

மழை விட்ட கையோடு முருங்கையில் மயிர்க்கொட்டி கூட்டமாக ஏறும். மதிலோர முருங்கையின் கீழ் பாய் விரிக்காதீர்கள். பட்டுவிட்டால் தேய்க்க வேண்டாம். ஒட்டும் பிளாஸ்ரரை மெதுவாக ஒட்டி உரித்தால் மயிர் அதோடு வரும். பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

பையில் என்ன என்ன வேண்டும்?
– திருநெல்வேலி வாசகி

ஆளுக்கு அரை லீற்றர் வீட்டுத் தண்ணீர். தாகம் என்று பிள்ளை சொல்லும்வரை காத்திருக்காமல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை சில மிடறு கொடுங்கள். கை கழுவ வேறொரு போத்தல், துண்டுச் சவர்க்காரம், ஒரு மாற்றுக் காற்சட்டை. சின்னப் பூங்காக்களில் மலசலகூடம் இருக்காது, இருந்தாலும் பூட்டியிருக்கும். வீட்டில் போயிருந்துவிட்டே புறப்படுங்கள். சாப்பிட இதரை வாழைப்பழமோ பணிஸோ போதும். ஐந்து வயதுக்கு உட்பட்டவருக்குக் கச்சான் கொடுக்க வேண்டாம், ஓடும்போது வாயில் எதுவும் வேண்டாம். புரைக்கேறும்.

பத்து நிமிடத்தில் "அலுத்துப் போச்சு, ஃபோனைத் தாங்கோ" என்கிறான் எட்டு வயது மகன்.
– உரும்பிராய் வாசகர்

எட்டு வயதுக்கு ஊஞ்சல் போதாது, செய்ய வேலை வேண்டும். வேலியில் பூவரசு நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் பீப்பீ செய்யக் காட்டிக்கொடுங்கள். தளிரும் இல்லாமல் முற்றலும் இல்லாமல் நடுத்தர இலையாக ஒன்று எடுத்துக் கழுவிக் காம்பைக் கிள்ள வேண்டும். ஒரு ஓரத்திலிருந்து பென்சில் பருமனுக்கு இறுக்கமாகச் சுருட்டி, ஒரு முனையை விரலால் நசித்துத் தட்டையாக்கி, அந்த முனையை உதட்டில் வைத்து ஊத வேண்டும். சத்தம் வராவிட்டால் அநேகமாக நசித்தது கூடிவிட்டது, சற்றுத் தளர்த்தினால் வரும். முற்றல் இலை சுருட்டும்போதே வெடிக்கும். மெல்லியதாகச் சுருட்டினால் கீச்சுக் குரல், பருமனாகச் சுருட்டினால் தடித்த குரல். இதை மட்டும் அவன் தானே கண்டுபிடிக்க விடுங்கள்.

புலுனிக் குருவிகள் கூட்டமாகத் தரையில் தத்தி இலையைப் புரட்டும். ஒரு கூட்டத்தில் எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள், ஆறேழுக்குக் குறையாது. மாமரத்தில் இலைகள் பந்து போல ஒட்டியிருந்தால் அது கடிக்கும் செவ்வெறும்பான முசுற்றின் கூடு. தள்ளி நின்று பார்க்கலாம், தடியால் தட்டக் கூடாது.

அடிபட்டால் எப்போது வைத்தியசாலைக்குப் போவது?
– பலரும் கேட்டது

முழங்கால் உராய்வுக்கு ஓடும் தண்ணீரும் சவர்க்காரமும் போதும். தலையில் அடிபட்டால் அன்று முழுவதும் கவனியுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட தடவை சத்தி, வழக்கமில்லாத நித்திரை மயக்கம், நினைவு தவறுதல், மூக்காலோ காதாலோ இரத்தம் அல்லது நீர் வருதல், இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே வைத்தியசாலை. நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ 15 நிமிடம் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே போக வேண்டும். மஞ்சள், கோப்பித்தூள் எதுவும் அப்ப வேண்டாம். பாம்பு கடித்தால் கீறவோ கயிற்றால் கட்டவோ வேண்டாம். கடிபட்ட காலை அசையாமல் வைத்து 1990 இலக்கத்துக்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

எங்கள் ஒழுங்கைப் பூங்காவில் ஊஞ்சல் ஒன்று உடைந்து மாதக் கணக்காகிறது. யாரிடம் சொல்வது?
– கோப்பாய் வாசகி

பூங்கா யாருடையது என்பதே முதல் கேள்வி. நகர எல்லைக்குள் என்றால் மாநகர சபை, வெளியே என்றால் உங்கள் பிரதேச சபை, சனசமூக நிலையத்தின் காணி என்றால் அதன் நிர்வாகம். வாய்ச்சொல் போதாது. உடைந்த பாகத்தை அருகில் ஒரு படமும், பூங்கா முழுதும் தெரிய ஒரு படமும் எடுத்து, ஒழுங்கையின் பெயர், எந்தப் பாகம், எப்போது உடைந்தது என்று நாலு வரி எழுதிக் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். "பூங்காவைத் திருத்தித் தாருங்கள்" என்று எழுதினால் அது பெரிய வேலையாகிக் கிடப்பில் கிடக்கும். "இரண்டாவது ஊஞ்சலின் இடப்பக்கக் கொக்கி" என்று எழுதினால் தொழிலாளி ஒருவர் ஒரு மணித்தியாலத்தில் செய்துவிட்டுப் போவார்.

அதுவரைக்கும் அந்த ஊஞ்சலைத் தொங்க விடாதீர்கள். எச்சரிக்கை எழுதித் தொங்கவிட்டாலும் எழுத்து வாசிக்கத் தெரியாத பிள்ளைதான் முதலில் போய் ஏறும். இருக்கையை மேல்கம்பியில் சுற்றி எறிந்து, எட்டாத உயரத்தில் கயிற்றால் கட்டிவிடுங்கள்.